கூப்பிட்டவள் நடக்க வேண்டும்

அவள் முன்னால் போகட்டும். எனக்கென்ன அவசரம். பதினோரு மணிக்குத்தானே புது ரேஞ்சர் அம்மா வரச் சொல்லியிருக்கிறார், அணைக்கரை ஷெட்டுக்கு. சாதாரணமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம், என் முட்டியோடு நடந்தால் இரண்டு, இப்போது மணி எட்டேகால்தான் ஆகிறது. பூண்டு வயல் வரப்பில் நாகஜோதியின் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டே போகிறது. என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும், அவ்வளவு பக்கம். பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பிக்கு ஒன்றும் இல்லை, அவர்கள் பாட்டுக்கு ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு, ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். என் கோழி அவள் வீட்டில் முட்டையிட்டால் அது மறுநாள் காலை என் வாசலில் ஒரு கொட்டாங்கச்சியில் இருக்கும், ஒரு வார்த்தை இருக்காது. காலையில் நான் கதவைத் திறந்தபோது அவளும் திறந்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே காரியமாகப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் எதையோ மறந்தவள் மாதிரி உள்ளே போய், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மறுபடியும் பார்த்தேன். கடைசியில் புறப்பட்டபோது அவள் வயலைத் தாண்டியிருந்தாள், நல்லதாகப் போயிற்று.

வேலிக்குப் பக்கத்தில் புதுப் பலகை. 'மேகம் தொடும் பாதை, பாதை எண் இரண்டு, ஆறு கிலோமீட்டர், கடினம்: நடுத்தரம்.' எழுதியவர் நடந்து பார்த்தாரா தெரியவில்லை. இதற்கு எங்கள் களாமேட்டில் மட்டக்குதிரைத் தடம் என்று பேர், பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு குதிரைகள் போன வழி, மேகத்தைத் தொட்டதெல்லாம் இல்லை, சாணிதான் தொட்டது. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்தால் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. பன்னிரண்டு வருஷம் இந்தத் தடத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கழுத்தில் வனத்துறை கொடுத்த அட்டை, பவுனுத்தாய், வழிகாட்டி, ஒரு போட்டோ, அதில் நான் முறைக்கிறேன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் என்னை அம்மா என்று கூப்பிட்டு, இந்தச் செடி என்ன, அந்தப் பறவை என்ன என்று கேட்பார்கள். தெரியாததற்கும் ஒரு பேர் சொல்லிவிடுவேன். ஜோதி பின்னால் சிரிப்பாள். நான் முதல் ஆள், அவள் கடைசி ஆள். முதல் ஆள் வழி பார்க்க வேண்டும், கடைசி ஆள் யாரும் பின்தங்காமல் பார்க்க வேண்டும். கடைசி வேலைதான் கஷ்டம், காலில் கொப்புளம் வந்தவர்கள், போட்டோ பிடிப்பவர்கள், புருஷனோடு கோபித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிடுகிறவர்கள், எல்லாரையும் அவள்தான் தாஜா செய்து நடக்க வைப்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இப்போது அவளிடம் அட்டை இல்லை. கூலிக்குப் பூண்டு உரிக்கப் போகிறாள். என் கழுத்தில் இருப்பது கனக்கிறது என்றெல்லாம் சொன்னால் அது வேஷம், காகிதம் என்ன கனம் கனக்கும், ஆனால் இன்று காலை அதை மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டுதான் வந்தேன்.

சீகை மரக் காட்டுக்குள் நுழைந்ததும் சிவப்புத் துண்டு மறைந்துவிட்டது. இங்கே எப்போதும் ஒரு புளித்த வாசனை, காலுக்குக் கீழே சொதசொதவென்று. காலில் அட்டைப்பூச்சி ஏறும், பார்த்து நடக்க வேண்டும். ரேஞ்சர் அம்மா சின்ன வயசு, முகத்தில் இன்னும் பரு இருக்கிறது, ஆனால் கேள்வி கேட்கத் தெரிகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, இரண்டு வருஷமாக மூடிக் கிடக்கிற பாதையைத் திரும்பத் திறக்கப் போகிறோம், பழைய ஃபைலைப் படித்தேன், நாகஜோதிக்கு அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அன்றைக்கு உங்கள் சொல்லை வைத்துத்தானே எடுத்தார்கள் என்றார். யோசித்து எழுதிக் கொடுங்கள், இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பேசிவிடுவோம் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி ஓடிக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. கேட்டிருப்பாள். கேட்டால் கேட்கட்டும். என்ன எழுத. கொடுக்கலாம், பாவம், தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதலாம். அப்படி எழுதினால் பெரிய மனுஷி ஆகிவிடுவேன். தப்பு அவளுடையது, மன்னித்தது நான். ராத்திரி பூராவும் அந்த வாக்கியத்தைத்தான் மனசுக்குள் எழுதிப் பார்த்தேன், நன்றாக இருந்தது, காகிதத்தில் மட்டும் எழுதவில்லை. எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு ஒரு வரி எழுத இவ்வளவு பாடு.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. புல்மேட்டில் மாடு மேய்த்தவர்கள் வைத்த முறை. மேலே மூடுபனி, நாங்கள் மஞ்சு என்போம், அது இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது, காற்றில் பேச்சும் நிற்காது, நீளமாக 'ஊ' என்று கொடுக்கிற குரல் மட்டும்தான் போய்ச் சேரும். அதிலும் கீழே அணை. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடி நடந்தால் பக்கத்திலேயே கடந்துபோய்விடுவார்கள். அதனால், முதலில் கூப்பிட்டவள் நடக்க வேண்டும், பதில் கொடுத்தவள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பாதம் நகரக் கூடாது, கூட்டத்தையும் நகர விடக் கூடாது. இடையிடையே குரல் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு நடை வருகிறதோ இல்லையோ இது வந்துவிடும். இதில் குழப்பமே வந்ததில்லை, எங்கள் இரண்டு பேருக்கு வந்தது. இரண்டு வருஷம் முன்னால், அன்றைக்கு அணையைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், பதினொரு பேர். என்னோடு ஆறு பேர் மேலே புல்மேட்டில், அவளோடு ஐந்து பேர் கீழே கரைச் சரிவில், நடுவில் ஒரு முந்நூறு எட்டு நடை இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மஞ்சு விழுந்தது. ஒரு குரல் போயிற்று, ஒரு குரல் வந்தது. நான் நின்றேன். அவளும் நின்றாள். கால் மணிக்கு ஒரு தரம் நான் குரல் கொடுக்கிறேன், அவள் கொடுக்கிறாள். மூன்று மணி நேரம். ஐந்து மணிக்குக் காற்று மாறி மஞ்சு கலைந்தபோது, மேலே நான் ஆறு பேரோடு நட்டு வைத்தது மாதிரி நிற்கிறேன், கீழே அவள் நான்கு பேரோடு நட்டு வைத்தது மாதிரி நிற்கிறாள், ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். வேற்றூர்க்காரர்கள் யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பொறுமை போய் ஒருவர் நடந்திருப்பார்கள். நாங்கள் முறை தெரிந்தவர்கள்.

நான்கு பேர். ஐந்தாவது ஆள் திருப்பூரிலிருந்து வந்த வேணுகோபால் சார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கெடுத்தாலும் எத்தனை எட்டு, எத்தனை நிமிஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர். மூன்றரை மணிக்கு அவருக்கு என் குரல் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது, அந்தம்மா அங்கேதான் இருக்கிறார்கள் என்று மெதுவாக நழுவி இறங்கியிருக்கிறார். கரைக் கல்லில் சறுக்கித் தொடை எலும்பு முறிந்து, ஈரத்தில் ஒன்றரை மணி நேரம் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார் என்று கேள்வி. என் குரலைத் தேடித்தான் போனார். இது ஃபைலில் இல்லை. ஃபைலில் இருப்பது, கடைசி ஆள் தன் கூட்டத்தில் ஒருவரைத் தவறவிட்டார், முறைப்படி கூப்பிட்டவர் நடந்து வந்திருக்க வேண்டும், அவர் வரவில்லை. அவர் என்றால் ஜோதி. பழைய ரேஞ்சர் எங்களை நிற்க வைத்துக் கேட்டபோது ஜோதி, அக்காதான் முதலில் கூப்பிட்டார்கள், நான் பதில் கொடுத்துவிட்டு நின்றேன் என்றாள். நான், இல்லை சார், எனக்கு முதலில் ஒரு குரல் கேட்டது, அதற்குத்தான் பதில் கொடுத்தேன் என்றேன். பன்னிரண்டு வருஷம் ஒரு ஆளையும் தொலைக்காதவள் நான், மூத்தவள் வேறு. என்னை நம்பினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், சண்டை போடவில்லை, அவ்வளவு பேர் நடுவில் மூத்தவளை எதிர்த்துப் பேச மாட்டாள், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேனோ என்னவோ. அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள், கயிற்றை அழகாகச் சுற்றி வைத்தாள். அதற்கப்புறம் ஊரில் அவளுக்கு ஆளைத் தொலைச்சவ என்று பேர். கல்யாண வீட்டில் பந்திக்குப் போனால்கூட, பார்த்துப்பா, ஜோதி பின்னால வருது, எண்ணிக்கோங்க என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் அந்தப் பந்தியில்தான் இருந்தேன். இலையைப் பார்த்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

ஓடைக்கு வந்துவிட்டேன். மூன்று கல்லில் கால் வைத்துத் தாண்ட வேண்டும், நடுக்கல் ஆடும். ஈரமாக இருக்கிறது, அவள் காலடி. நடுக்கல்லுக்கு அடியில் ஒரு சில்லு செருகியிருக்கிறது, புதிதாக. இப்போது செருகியதுதான், சேறுகூடக் கரையவில்லை. பின்னால் வருகிறவளுக்கு முட்டி சரியில்லை என்று தெரிந்து செருகினாளா, இல்லை கடைசி ஆளாக இருந்த பழக்கமா. எனக்கு அழுகை வருகிறது, ஒரு கல்லுக்கு. உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறேன். சோலைக்குள்ளே கருங்குரங்கு கத்துகிறது. ஹூ, ஹூ, ஹூ. இதுதான். இதைத்தான் இரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்று கேட்டதே, அது கருங்குரங்காக இருக்கலாம், அதை ஜோதியின் குரல் என்று நினைத்துப் பதில் கொடுத்திருக்கலாம், அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, குரங்கு செய்த வேலை. எத்தனை தரம் இதைச் சொல்லிச் சொல்லித் தூங்கியிருக்கிறேன். ஆனால் கருங்குரங்கு மஞ்சில் கத்தாது. அதுவும் புல்மேட்டில் ஏது குரங்கு, மரம் வேண்டாமா அதற்கு. சரி, ஆட்காட்டிக் குருவி. அது இப்படியா கத்தும். சரி, காற்று. காற்று என்றே வைத்துக்கொள். எங்கே போனாலும் சுற்றிச் சுற்றி அந்த ஓர் இடத்துக்கே வந்து நிற்கிறேன்: மஞ்சு விழுகிறது, சுற்றிலும் ஆறு பேர், ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள், நான் வாயில் கையைக் குவிக்கிறேன். அதற்கு முன்னால் என்ன கேட்டது. அதற்கு முன்னால். நன்றாகக் கேள், பவுனு, அதற்கு முன்னால்.

ஏற்றம் முடிந்து புல்மேடு. மூச்சு வாங்குகிறது. இங்கே வந்தால் எப்போதும் மனசு லேசாகும், மரம் ஒன்றும் இல்லாமல் மேடு மேடாகப் புல், தூரத்தில் அணைத் தண்ணீர் தகடு மாதிரி. இன்று தண்ணீர் தெரியவில்லை. அவள் மட்டும் சரிவின் விளிம்பில், சிவப்பாக ஒரு புள்ளி, இறங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அப்பால் வெள்ளையாக ஒன்று எழுந்து வருகிறது. ஐயோ, சீக்கிரம் இறங்கிவிடு ஜோதி என்று மனசுக்குள் சொல்கிறேன், சொல்வதற்குள் அவள் இல்லை. பிறகு ஒத்தைப் பாறை இல்லை. பிறகு மஞ்சள் அம்பு போட்ட கல் இல்லை. பிறகு என் கால் இல்லை. முகத்தில் ஈரம். மணி என்ன இருக்கும், ஒன்பதரை. நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன், ஒரு பத்து எட்டு முன்னே பின்னே இருக்கலாம். அவளும் அங்கேதான், கரைச் சரிவில், வாத்தியார் சறுக்கிய கல்லுக்குப் பக்கத்தில். முறை தெரிந்தவள், நகர மாட்டாள். கூப்பிடவும் மாட்டாள். இரண்டு வருஷம் கூப்பிடாதவள் இப்போதா கூப்பிடுவாள். மஞ்சு கலையட்டும், கலைந்ததும் போகலாம், பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கலையாவிட்டால். அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அவள் ஒரு மெல்லிய துண்டோடு வந்திருக்கிறாள், காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாள், நான்கு நாளாக இருமுகிறாள். கூப்பிட்டால் நான் நடக்க வேண்டும். கீழே நடக்க வேண்டும், தண்ணீர்ப் பக்கம், காலுக்குக் கீழே எங்கே புல் முடிகிறது எங்கே கரை உடைகிறது என்று தெரியாமல். வயிறு இறுகுகிறது. இது எனக்குத் தெரியும். இந்த இறுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். இதுதான் அன்றைக்கும். வாயில் கையைக் குவித்தேன், கூப்பிட்டேன், கீழே தண்ணீர்ப் பக்கமிருந்து அவள் பதில் வந்தது, அந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று நினைத்ததும் கால் மரமாகிவிட்டது, என்னால் முடியாது என்று இருந்தது, அப்போதுதான் நினைத்தேன், எனக்கு முன்னால் ஒரு குரல் கேட்டதோ என்று. அப்போதுதான். கூப்பிட்ட பிறகுதான். அதற்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. குரங்கும் இல்லை, குருவியும் இல்லை, காற்றும் இல்லை. பன்னிரண்டு வருஷ வழிகாட்டிக்குப் பயம் வந்தது, அவ்வளவுதான் விஷயம்.

கையைக் குவித்துக் கூப்பிட்டேன். குரல் பிசிறியது, மறுபடியும் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. வராது என்று நினைத்தேன், வராமல் இருப்பதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். வந்தது. தண்ணீர்ப் பக்கமிருந்து, நீளமாக, கடைசியில் ஒரு இருமலோடு. நான் நடந்தேன். குச்சியால் தட்டித் தட்டி, சில இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு இடத்தில் குழந்தை மாதிரி பின்புறத்தால் சறுக்கி. பத்து எட்டுக்கு ஒரு தரம் குரல் கொடுத்தேன், அவள் கொடுத்தாள். ஒரு தரம் அவள் குரல் எனக்குப் பின்னால் கேட்டது, அங்கேயே திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது, ஓடவில்லை, நின்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு நடந்தேன். முந்நூறு எட்டுதான். அரை மணி நேரம் ஆகியிருக்கும். இருமல் முதலில் தெரிந்தது, பிறகு சிவப்பு, பிறகு அவள். இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள், காலைச் சுற்றிப் புல்லில் மிதிபட்ட தடம்கூட இல்லை, அப்படி நின்றிருக்கிறாள்.

"இன்னிக்கு நாந்தான் மொதல்ல கூப்பிட்டேன், ஜோதி," என்றேன். மூச்சு வாங்கியது. "அன்னிக்கும் நாந்தான்."

அவள் என் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாதாக்கா. ஒங்க கொரலு தெரியாதா எனக்கு. ஏன் வரலைன்னுதான் ரெண்டு வருசமா யோசிச்சுக்கிட்டு கெடக்கேன். எம்மேல என்ன கோவம்னு யோசிச்சேன். அந்த வருசம் ஒங்க வீட்டுக் காதுகுத்துக்கு நான் லேட்டா வந்தேனே, அதுவா இருக்குமோன்னு கூட யோசிச்சேன்."

இதை நான் நினைத்தே பார்த்ததில்லை. பொய் சொன்னேன், பேர் போயிற்று, அட்டை போயிற்று என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் தன்னிடம் என்ன குற்றம் என்று தேடிக்கொண்டிருப்பாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"ஒம்மேல ஒண்ணுமில்ல ஆத்தா. பயந்துட்டேன். தண்ணிப் பக்கம் எறங்கப் பயந்துட்டேன்."

மஞ்சுக்குள்ளே எங்கோ கீழே தண்ணீர் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.

"அது அப்பயே தெரிஞ்சிருந்தா நானே ஏறி வந்திருப்பேனே," என்றாள்.

பிறகு துண்டை அவிழ்த்து, ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மறு முனையை என்னிடம் நீட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன், அவள் முகம் அப்படி ஒன்றும் இளகவில்லை. மணியாகுது, அந்தம்மா காத்திருப்பாங்க, அங்க போயி இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க என்று மட்டும் சொன்னாள். இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். நனைந்து, முறைக்கிற முகம் ஊறிப்போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அதை மேஜையில் வைத்துவிடுவேன், அவளைப் போலக் கயிற்றை அழகாகச் சுற்றி வைக்க எனக்கு வருமா தெரியவில்லை. அவள் இறங்க ஆரம்பித்தாள், துண்டு இழுத்தது. அவள் முதல் ஆள். நான் பின்னால், பழக்கமில்லாத இடத்தில், யாரும் விட்டுப்போய்விடவில்லையே என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தேன்.